மருந்து மணக்கும் தேத்தண்ணி

ஷரிபுதீனின் நாக்குக்கு எங்களூரில் தனி மதிப்பு உண்டு. கடற்கரை வீதியில் அவருடைய தேத்தண்ணிக் கடை இருந்த காலத்தில் ஒரு மிடறு குடித்துவிட்டு, "இது போன கிழமைத் தேயில" என்பார். "இந்தப் பால்ல பாதி கிணறு" என்பார். பால்காரன் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பான். அந்தக் கடையைக் கடல் கொண்டுபோனது. கடைக்குப் பின்னால் இருந்த வீட்டையும் கொண்டுபோனது. ஷரிபுதீனையும், மனைவி ஹவ்வா உம்மாவையும், ஒரே மகள் நதீராவையும் உடுத்த உடுப்போடு விட்டுவைத்தது. நாக்கும் சேதமில்லாமல் தப்பியது. பிறகு வந்த வில்லங்கம் அத்தனையும் அந்த நாக்கால்தான் வந்தது.

சுனாமி வந்து இரண்டு மாதம் ஆகவில்லை. கல்முனைக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் நானூறு பேர் இருந்தோம். வகுப்பறைக்கு ஆறு குடும்பம், முற்றம் நிறையக் கூடாரம், கூடாரத்துக்குக் கீழே சேறு. மழை விட்டபாடில்லை. அழுது களைத்த சனம் மெல்ல மெல்லச் சண்டை பிடிக்கத் தொடங்கியிருந்தது. ஊர் பழையபடி ஆகிறது என்று அதை வைத்துத்தான் கண்டுகொண்டோம். வாசலில் ஒரு நீலத் தறப்பாளைக் கட்டி, யாரோ கொடுத்த கேத்தலை அடுப்பில் ஏற்றி, வகுப்பறை வாங்குகள் இரண்டை இழுத்துப் போட்டு ஷரிபுதீனும் கடையைத் திறந்துவிட்டார். அன்றைக்கு முகாமில் நிறையப் பேர் காரணமில்லாமல் சிரித்தார்கள்.

தண்ணீர்தான் பிரச்சினை. கடல் ஏறி இறங்கிய கிணறெல்லாம் உப்பு. பவுசர் என்கிற தண்ணீர் லொறி வந்து பெரிய கறுப்புத் தாங்கியை நிரப்பிவிட்டுப் போகும். அதற்குள் குளோரின் தூளைக் கரைத்து ஊற்றுவது பாண்டிருப்புக் கனகரெத்தினத்தின் வேலை. அவர்தான் எங்கள் பகுதிக்குச் சுகாதாரப் பரிசோதகர். பி.எச்.ஐ. ஐயா என்போம். அவருடைய வீட்டுக் கூரையும் அலையோடு போனதுதான். ஆனாலும் மூன்றாம் நாளே மோட்டார் சைக்கிளில் தூள் வாளியைக் கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"இவ்வளவு சனம் ஒரு இடத்துல நெருங்கி இருக்கக்குள்ள கொலரா மட்டும் பூரக் கூடாது. பூந்தா ஒரு பகலுக்குள்ள ஆளக் கொண்டுபோயிடும். கடல் விட்டுவெச்ச ஆக்கள நான் அதுக்குக் குடுக்கமாட்டன்" என்று ஜும்ஆ முடிந்து கலைந்தவர்களை நிறுத்திவைத்துச் சொன்னார். "கக்கூசுக்குப் போய் வந்தா கை கழுவோணும். சாப்பிட முதல் கழுவோணும்."

"ஐயா, நாங்க ஒரு நாளைக்கு அஞ்சு தரம் தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளு எடுக்கிற ஆக்கள். எங்களுக்குக் கை கழுவப் படிச்சுத் தாறீங்களா?" என்று முன்வரிசையிலிருந்து ஷரிபுதீன் கேட்டார். எல்லாருக்கும் சிரிப்பு.

கனகரெத்தினமும் சிரித்தார். எங்கள் ஆட்களில் மூத்தவர்களை அவரும் எங்களைப் போலவே, அண்ணன் என்ற பொருளில், காக்கா என்றுதான் கூப்பிடுவார். "அந்தப் பழக்கம் இருக்கிறபடியாத்தான் காக்கா எனக்கு இஞ்ச பாதி வேல மிச்சம். மத்தப் பாதிக்குச் சவுக்காரம் போடுங்க."

ஷரிபுதீனுக்கும் அவருக்கும் தகராறு கையில் இல்லை, தூளில் இருந்தது.

"இந்த மருந்தக் கொஞ்சம் குறைச்சுப் போட்டா என்ன ஐயா? தேத்தண்ணி ஆஸ்பத்திரி மணம் மணக்குது."

"ஆஸ்பத்திரிக்குப் போகாம இருக்கத்தானே போடுறன். தண்ணிய எடுத்து அர மணித்தியாலம் மூடாம வெச்சிட்டுக் கொதிக்க வையுங்க. மணம் போயிடும்."

"அர மணித்தியாலமா? அதுக்குள்ள வாங்குல இரிக்கிற ஆக்கள் எழும்பி மட்டக்களப்புக்கே போயிடுவாங்க!"

தகராறு அப்படியே கிடந்தது. ஷரிபுதீன் தன் வழியைப் பார்த்துக்கொண்டார். அவருடைய வழி நற்பிட்டிமுனைக்குப் போனது.

நற்பிட்டிமுனையில் ஆதம்பாவா என்றொரு வயற்காரர். அவருடைய மகன் றிபாசுக்கும் நதீராவுக்கும் சுனாமிக்கு முன்பே பேசி முடித்திருந்தது. எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுக்க வேண்டும், மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து இருப்பார், அதுதான் வழக்கம். ஷரிபுதீன் பன்னிரண்டு வருடம் கல்லுக் கல்லாய்க் கட்டிய வீடு இப்போது அத்திவாரம் மட்டும்தான். கலியாணம் இல்லையென்றே அவர் நினைத்துவிட்டார். ஆனால் ஜனவரியில் ஒரு நாள் ஆதம்பாவா முகாமுக்கு வந்தார். அரிசி மூட்டையை இறக்கி வைத்தார். "வீட்டக் கடல் எடுத்ததுக்கு ஆரு மச்சான் என்ன செய்ற? புள்ள இரிக்காள்தானே. கலியாணத்த எண்ட வளவுல வெப்பம். வீடு பிறகு பாப்பம்" என்றார். ஷரிபுதீன் தேத்தண்ணி போடப் போனார். போட்டுக்கொண்டே அழுதார். அன்றைய தேத்தண்ணியில் சீனி இரண்டு மடங்கு.

அந்த ஆதம்பாவாவின் வீட்டு வளவில்தான் கிணறு ஒன்று இருந்தது. கடல் எட்டாத இடம். தண்ணீர் இளநீர் போல இருக்கும் என்று சொன்னால் எங்களூரார் நம்பமாட்டார்கள் என்று ஷரிபுதீன் அதைக் கேத்தலை வைத்தே நிரூபித்தார். தினமும் சுபஹ் தொழுதுவிட்டு சைக்கிளில் இரண்டு பிளாஸ்டிக் கான்களைக் கட்டிக்கொண்டு போவார். சந்தியில் காவலுக்கு நிற்கும் ஆமிக்காரன் முதல் நாள் கசிப்புச் சாராயம் என்று சந்தேகப்பட்டு, மூடியைத் திறந்து மணந்து பார்த்தான். தண்ணீர் என்று கண்டதும் ஏமாற்றத்தோடு போக விட்டான். பத்தாம் நாள் அவனுக்கும் ஒரு போத்தல் தண்ணீர் கொடுக்கவேண்டியதாயிற்று.

முகாமுக்கு வந்து கானை இறக்கியதும் ஒரு சடங்கு இருந்தது. முதல் கிளாசை நிறைத்து, கண்ணை மூடிக்கொண்டு, பச்சையாகவே மெல்ல மெல்லக் குடிப்பார். தண்ணீரின் ருசி தெரியாமல் அதற்குத் தேயிலை அளவிடமுடியாது என்பது அவருடைய கொள்கை. குடித்து முடித்து நாக்கைச் சப்புக்கொட்டி, "உப்பும் இல்ல, மருந்தும் இல்ல. இதுக்குப் பேர்தான் தண்ணி" என்பார். மிச்சம் கேத்தலுக்குள் போகும். எங்களுக்கெல்லாம் கொதித்ததுதான் கிடைக்கும். பச்சைத் தண்ணீர் அந்த நாக்குக்கு மட்டும்.

கலியாணம் ஞாயிற்றுக்கிழமை. செவ்வாய்க்கிழமை காலை ஷரிபுதீனுக்கு வயிற்றோட்டம் தொடங்கியது.

ஒரு மனிதர் கௌரவமாகக் கக்கூசுக்கு ஓடுவது எப்படி என்று அன்றைக்குத்தான் பார்த்தோம். முதல் தரம் வாளியோடு ஆறுதலாக நடந்தார். மூன்றாம் தரம் வாளி முன்னால் போனது, இவர் பின்னால் போனார். ஐந்தாம் தரம் வரிசையில் நின்றவர்களிடம், "இந்தக் கதவுப் பிணைச்சல் சரியில்லையாம், பாத்து வரச் சொன்னாங்க" என்று சொல்லி உள்ளே புகுந்தார். பிணைச்சலைப் பார்க்க ஒரு நாளில் ஒன்பது தரம் போனார்.

"என்ன, முகம் சப்பிப் போய்க் கிடக்கு?" என்று ஹவ்வா உம்மா கேட்டார்.

"கலியாண யோசின."

"யோசின வயித்துக்குள்ளாலயா போகுது?"

"சத்தம் போடாத. பி.எச்.ஐ.ட காதுக்குப் போனா கொலரா எண்டு எழுதிருவாரு. எழுதினா ஆக்கள் கூடப்படா, பந்தி வெக்கப்படா எண்டு நிப்பாட்டிருவாங்க. வீடுதான் குடுக்க ஏலாமப் போச்சு. கலியாணத்தயும் நானே நிப்பாட்டுறதா?"

அதனால் இருவரும் சேர்ந்து தங்களுக்குத் தெரிந்த வைத்தியத்தைச் செய்தார்கள். தண்ணீர் குடிப்பதை நிறுத்தினார்கள். குடித்தால்தானே போகும், குடிக்காவிட்டால் என்ன போகும் என்பது கணக்கு. எங்களூரில் எல்லாரும் அப்போது அப்படித்தான் செய்வார்கள். தேத்தண்ணிக்காரர் ஒரு பகல் முழுக்கத் தேத்தண்ணி குடிக்காமல் இருந்தார்.

புதன்கிழமை காலை அவர் கேத்தலைத் தூக்கினார். கிளாசுக்கு ஊற்ற வேண்டியதை மேசைக்கு ஊற்றினார். "எங்க கிளாஸ்?" என்று கேட்டுக்கொண்டே வாங்கில் இருந்தார், பிறகு வாங்கிலிருந்து நிலத்துக்கு வந்தார். அந்த நேரம் பார்த்துத்தான் கனகரெத்தினத்தின் மோட்டார் சைக்கிள் வாசலில் வந்து நின்றது.

கனகரெத்தினம் ஒன்றும் கேட்காமல் அவருடைய புறங்கைத் தோலை இரண்டு விரலால் கிள்ளி விட்டார். கிள்ளிய தோல் கிள்ளியபடியே நின்றது. கண் குழிக்குள் போயிருந்தது. ஐயாவின் முகம் மாறியதை முதலில் கண்டவள் நதீரா.

"எத்தின தரம் போச்சு?"

"ரெண்டு…" என்றார் ஷரிபுதீன்.

"நேத்துப் பகல் ஒம்பது. ராவைக்கு நான் எண்ணல்ல" என்றார் ஹவ்வா உம்மா. பயம் வந்ததும் அவருக்கு மறைக்கத் தெரியவில்லை.

"அரிசி கழுவின தண்ணி மாதிரியா போகுது? கொலராவுக்கு அப்பிடித்தான் போகும்."

"ஐயா! சந்தையில நிண்டு கேக்கிற கேள்வியா இது?"

"சொல்லுங்க காக்கா. வெக்கப்பட்டா மௌத்துதான்."

"அப்பிடி இல்ல. ஆனா தண்ணிதான்."

"குடிக்க என்ன குடுத்தீங்க?"

"குடுக்கல்ல. நிக்கட்டும் எண்டு…" ஹவ்வா உம்மா சொல்லி முடிக்கவில்லை. கனகரெத்தினம் தலையில் கைவைத்துவிட்டார்.

"ஓட்டக் குடத்துல தண்ணி போகுதெண்டா இன்னும் ஊத்தோணும் உம்மா. ஓட்டைய உடம்பு தானா அடைக்கும். அது மட்டும் குடம் வத்தப்படா. இந்தக் கொலரா ஆளக் கொல்லுறதே இப்பிடித்தான், தண்ணிய வத்த வெச்சு."

பையிலிருந்து ஜீவனி என்கிற உப்புச்சீனித் தூள் பக்கற்றை எடுத்தார். ஆறவைத்த கொதிநீர் ஒரு லீற்றரில் முழுப் பக்கற்றையும் கரைக்கச் சொன்னார். ஷரிபுதீன் ஒரு மிடறு குடித்துவிட்டு, "உப்பு" என்றார். அந்த நிலையிலும் நாக்கு வேலை செய்தது. கடலைக் குடித்தவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு போத்தலை முடித்தார். பிறகு இன்னொன்று. பரிசோதனைக்கு எடுக்கவேண்டியதைச் சின்னப் போத்தலில் எடுத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். முடிவு வரச் சனிக்கிழமையாகும். பகல் திரும்பும்போது, வற்றிய உடம்பில் தண்ணீர் ஏறியதற்கு அடையாளமாக, ஷரிபுதீனுக்குச் சிறுநீர் போனது. அதற்குக் கனகரெத்தினம் பட்ட சந்தோசத்தைப் பார்த்தால் கலியாணமே அதற்குத்தான் என்று நினைக்கத் தோன்றும்.

"இனி உண்மையச் சொல்லுங்க. என்ன குடிச்சீங்க?"

"உங்கட பவுசர்த் தண்ணிதான்."

"பவுசர்த் தண்ணிய நானூறு பேர் குடிக்காங்க. ஒராளுக்கும் ஒண்டுமில்ல. உங்கட தேத்தண்ணிய இருநூறு பேர் குடிக்காங்க. நானும் குடிச்சன். எனக்கும் ஒண்டுமில்ல. இவங்க ஒருத்தரும் செய்யாத எதையோ நீங்க செஞ்சிருக்கிறீங்க. அது என்ன?"

ஷரிபுதீன் தறப்பாளைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். சொன்னால் என்னவாகும் என்று அவருக்குத் தெரியும். அரிசி மூட்டையோடு வந்த மனிதன், வீட்டைக் கேட்காத மனிதன், தன் வளவில் கலியாணத்தை வைத்துத் தருகிற மனிதன். அந்த மனிதனின் கிணற்றைப் போய் அரசாங்கத்துக்குக் காட்டிக்கொடுப்பதா? 'உங்கட கிணறு ஊத்தை' என்று சம்மந்தியின் முகத்துக்கு எந்தப் பெண் வீட்டுக்காரன் சொல்லுவான்? வயிற்றோட்டத்தால் செத்தாலும் அதைச் சொல்வதில்லை என்று முடிவெடுத்து வாயை இறுக்கிக்கொண்டார்.

நதீராதான் சொன்னாள்.

"வாப்பா நற்பிட்டிமுனையால தண்ணி கொண்டு வாறாங்க. எங்களுக்கெல்லாம் கொதிக்க வெச்சுத் தருவாங்க. அவங்க மட்டும் ஒவ்வொரு நாளும் ஒரு கிளாஸ் பச்சையாக் குடிப்பாங்க. மாமாட கிணத்துத் தண்ணி."

"நதீரா!" ஷரிபுதீன் எழும்பப் பார்த்தார், முடியவில்லை. "வாய மூடு புள்ள. உண்ட கலியாணம்…"

"கலியாணம் நிண்டா நிக்கட்டும் வாப்பா." அவள் கனகரெத்தினத்தின் பக்கம் திரும்பினாள். "அங்கயும் ஆக்கள் அந்தத் தண்ணியத்தானே குடிக்காங்க. அங்க ஆருக்கும் ஒண்டெண்டா?"

ஆருக்கும் என்று அவள் சொன்னாலும் ஒராளைத்தான் சொன்னாள் என்று எல்லாருக்கும் விளங்கியது. ஹவ்வா உம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தார். கனகரெத்தினம் எழும்பித் தன் தொப்பியை எடுத்தார்.

"தங்கச்சி, இண்டைக்கு இந்த முகாமுல புத்தியாக் கதைச்ச ஆள் நீங்க ஒராள்தான்."

நானும் வருவேன் என்று ஷரிபுதீன் ஒற்றைக்காலில் நின்றார். அரசாங்க ஆள் தனியே போனால் அது முறைப்பாடு, தானும் போனால் அது குடும்பக் கதை என்றார். கனகரெத்தினம் மோட்டார் சைக்கிளில் முன்னால் போக, ஒரு ஓட்டோவில் அவரும், ஜீவனிப் போத்தலை மடியில் வைத்துக்கொண்டு ஹவ்வா உம்மாவும் போனார்கள். சந்தியில் நின்ற ஆமிக்காரன் அந்தப் போத்தலையும் மணந்து பார்த்தான். கனகரெத்தினம் அவனுக்குச் சிங்களத்தில் ஏதோ சொன்னார். அவன் தன்னுடைய தண்ணீர்ப் போத்தலை எடுத்து அவசரமாக வெளியே ஊற்றினான்.

வழியெல்லாம் வயல். மழையில் சாய்ந்த கதிர்களை நிமிர்த்த முடியாமல் அரிவாளோடு சனம் நின்றது. இருந்தாலும் நெல் மணத்தது. "என்னெண்டு சொல்றது ஹவ்வா?" என்று ஷரிபுதீன் கேட்டுக்கொண்டே வந்தார். "நான் சொல்றன், நீங்க குடிங்க" என்று ஹவ்வா உம்மா போத்தலை நீட்டிக்கொண்டே வந்தார்.

ஆதம்பாவாவின் வளவில் கடல் துரத்திய சொந்தக்காரர்கள் முப்பது பேர் இருந்தார்கள். மாமரத்துக்குக் கீழே கூடாரம், மாட்டுக் கொட்டிலுக்குள் கூடாரம். கலியாணப் பந்தலுக்குக் கமுகு நட்டுப் பாதியில் நின்றது. பந்தல்காரர் யாரையும் காணவில்லை. வீட்டுப் பின்பக்கத்திலிருந்து ஆதம்பாவா வந்தார். சாரத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையில் வாளியோடு, அடி அளந்து அளந்து நடந்து வந்தார்.

அந்த நடையை ஷரிபுதீனுக்குத் தெரியும். நேற்று முழுக்க அவர் நடந்த நடை.

"மச்சான்!" ஆதம்பாவா வாளியைப் பின்னால் மறைத்தார். "இந்த நேரத்துல? நான்… மாட்டுக்குத் தண்ணி வெச்சிட்டு வாறன்."

"மாடு அந்தப் பக்கமா காக்கா நிக்கிது?" என்று கனகரெத்தினம் கேட்டார். "எத்தின தரம் வெச்சீங்க தண்ணி?"

ஆதம்பாவா ஷரிபுதீனின் குழிவிழுந்த கண்ணைப் பார்த்தார். ஷரிபுதீன் அவருடைய கையிலிருந்த வாளியைப் பார்த்தார்.

"உங்களுக்குமா?"

"உங்களுக்குமா?"

"நான் உங்களுக்குத் தெரியப்படா எண்டு பாத்தன் மச்சான். பொண்ணு வீட்டுக்காரங்க என்ன நினைப்பாங்க, மாப்பிள்ள வீட்டுல நோய் எண்டு…"

"நான் உங்களுக்குத் தெரியப்படா எண்டு செத்திருப்பன் காக்கா! கேளுங்க, இவள்ட்டக் கேளுங்க!"

"மாப்பிள்ள எங்க?" என்று ஹவ்வா உம்மா கேட்டார்.

பின்பக்கத்தில் கக்கூசின் ஓலைக் கதவு திறந்தது. றிபாஸ் வெளியே வந்தான். மாமாவையும் மாமியையும் அரசாங்கத்தையும் ஒன்றாகக் கண்டான். திரும்ப உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். ஹவ்வா உம்மாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு ஆதம்பாவாவுக்கு. சிரித்தால் ஆபத்து என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டே இரண்டு சம்மந்திகளும் சிரித்தார்கள்.

கனகரெத்தினம் மட்டும் சிரிக்கவில்லை. அந்த ஓலைக் கதவிலிருந்து கிணற்றுக் கட்டு வரை நடந்து அடி எண்ணிக்கொண்டிருந்தார். பதினெட்டு அடி.

"இந்தக் குழி எப்ப வெட்டினது?"

"கடல் வந்த மூணாம் நாள். இவ்வளவு ஆக்கள் ஓடி வந்தாங்க. பொண்டுகள் எங்க போற? அவசரத்துக்கு நானே வெட்டின." சொல்லும்போதே ஆதம்பாவாவின் சிரிப்பு நின்றுவிட்டது.

"மழை பேஞ்சு நிலத்துக்குள்ள தண்ணி மேல வந்திரிக்கி. குழியில உள்ளது அடியால ஊறிக் கிணத்துக்குப் போகுது. கண்ணுக்குத் தெரியா, மணக்கா, ருசியும் மாறா. கொலராவும் இந்த வழியாலதான் வரும். வயித்தால போனது தண்ணிக்குள்ள பூரும், தண்ணியால வாய்க்கு வரும். காத்தால வாறதில்ல, கண்ணூறால வாறதில்ல. இப்ப வந்திரிக்கிறது அதுவோ சின்னச் சாமானோ, சனிக்கிழமதான் தெரியும். ஆனா பாத திறந்து கிடக்கு."

ஆதம்பாவா கிணற்றுக் கட்டில் இருந்துவிட்டார். "நான் நல்லதுக்கெண்டு குடுத்த தண்ணி மச்சான். உங்கள மௌத்தாக்கப் பாத்திரிக்கன்."

ஷரிபுதீன் பக்கத்தில் போய் இருந்தார். இவ்வளவு நேரமும் சொல்லப் பயந்த கதை இப்போது ஒன்றுமில்லாமல் போயிருந்தது. "முப்பது பேருக்கு இடம் குடுத்தீங்க. குழி தள்ளி இருந்தா என்ன, கிட்ட இருந்தா என்ன, அந்த நேரம் ஆரு அளந்த? விடுங்க காக்கா." பிறகு ஏதோ ஞாபகம் வந்து கனகரெத்தினத்தைப் பார்த்தார். "ஐயா, அப்ப எண்ட தேத்தண்ணி? அதும் இந்தத் தண்ணிதானே?"

"நல்லாக் கொதிச்சா எல்லாம் சாகும். உங்கட தேத்தண்ணி ஒராளையும் படுக்க வெக்கல்ல. போட்ட ஆள மட்டும்தான்."

"பாத்தியா ஹவ்வா!" என்றார் ஷரிபுதீன்.

அன்று மாலைக்குள் பழைய குழி மூடப்பட்டது. வீதிப் பக்கம் மேட்டில், கிணற்றிலிருந்து நன்றாகத் தள்ளி, புதுக் குழி வெட்டப்பட்டது. கிணற்றுக்குள் தூள் கரைத்து ஊற்றினார்கள். தினமும் காலையில் அளவாகப் போடவேண்டும் என்று ஒரு வாளித் தூளை ஆதம்பாவாவிடம் விட்டுப் போனார் கனகரெத்தினம். வளவிலிருந்த எல்லாருக்கும் ஜீவனி. சனிக்கிழமை லுஹர்த் தொழுகைக்குப் பிறகு முடிவு வந்தது. கொலரா இல்லை. நதீராவுக்கு அதைச் சொல்ல முகாமில் ஆறு பேர் ஓடினார்கள். "இந்த முற அது வரல்ல, அவ்வளவுதான்" என்று கனகரெத்தினம் சொன்னதைக் கேட்க யாரும் நிற்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வெயில் எறித்தது. பந்தலில் நிக்காஹ் முடிந்தது. நெய்ச்சோறும் மாட்டிறைச்சிக் கறியும் வட்டிலப்பமும் தயார். கனகரெத்தினத்துக்கென்று தனியாகக் கோழி. ஆறு பேர் சுற்றியிருந்து ஒரே பெரிய தட்டில் சாப்பிடுகிற சஹன்கள் வரிசையாக நின்றன. கை கழுவும் இடத்தில் ஹவ்வா உம்மா காவலுக்கு நின்றார். "சவுக்காரம் போடாத கை சஹனுக்குள்ள போகா" என்று மௌலவியைக்கூடத் திருப்பி அனுப்பினார். கிணற்றிலிருந்து ஒரு தாங்கிக்குள் இறைத்து வைத்த குடிதண்ணீரைக் கிளாசுகளில் நிறைத்து வைக்கத் தொடங்கியிருந்தார்கள்.

ஷரிபுதீன் ஒரு கிளாசை எடுத்தார். பழக்கதோசம். மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார். இன்னொரு கிளாசை எடுத்து மணந்தார்.

"ஊத்தாதீங்க."

பந்தல் திரும்பிப் பார்த்தது.

"ஊத்தினதையும் எடுங்க. மருந்து மணக்கல்ல. ஆதம்பாவாக் காக்கா, காலையில மருந்து போட்டீங்களா?"

ஆதம்பாவாவுக்கு முகம் வெளுத்தது. கலியாணக் கரைச்சலில் மறந்துவிட்டார். மாப்பிள்ளை வீட்டுப் பெரியப்பா ஒருவர், கையைக் கழுவிவிட்டுச் சஹனுக்கு முன்னால் பசியோடு இருந்தவர், கடுகடுத்தார். "இது என்ன கூத்து? பொண்ணு வீட்டுக்காரர் எங்கட தண்ணியக் குறை சொல்றாரா?"

"ஓம், சொல்றன்." ஷரிபுதீன் பந்தலுக்கு நடுவில் நின்று சத்தமாகவே சொன்னார். "நாலு நாளைக்கு முதல் இதச் சொல்ல வெக்கப்பட்டுத்தான் மௌத்தைப் பாத்திட்டு வந்தன். இண்டைக்கு வெக்கமில்ல. இவ்வளவு பேரும் எண்ட மகள்ட கலியாணத்துக்கு வந்த ஆக்கள். ஒராள் வாளி தூக்கவும் நான் விடமாட்டன்."

"மச்சான் சொன்னா சொன்னதுதான். கொண்டு வாங்கடா அந்தத் தூள!" என்று ஆதம்பாவா எழும்பினார்.

கனகரெத்தினம் சட்டைக் கையை மடித்துக்கொண்டு தாங்கிக்கு அளந்து போட்டார். "அர மணித்தியாலம் நிக்கோணும். காக்கா, உங்கட ஆக்கள் எழும்பி மட்டக்களப்புக்குப் போயிடமாட்டாங்கதானே?"

"போறவர் போகட்டும். தேத்தண்ணி இரிக்கி, கொதிக்கக் கொதிக்க."

இருநூறு பேரும் நெய்ச்சோற்று மணத்தில் அரை மணித்தியாலம் இருந்து, ஷரிபுதீனின் தேத்தண்ணியைக் குடித்தார்கள். பெரியப்பா இரண்டு கிளாஸ் குடித்தார். நேரம் முடிந்ததும் ஷரிபுதீன் தாங்கியிலிருந்து ஒரு கிளாஸ் பிடித்தார். கண்ணை மூடிக்கொண்டு பச்சையாக ஒரு மிடறு குடித்தார். எங்களூரில் எல்லாரும் மதிக்கிற அந்த நாக்கு நெளிந்தது, முகம் கோணியது.

"ஆஸ்பத்திரி மணம்" என்றார். "இப்ப ஊத்துங்க."

முதல் கிளாஸ் மாப்பிள்ளைக்குப் போனது. றிபாஸ் ஒரு வாய் குடித்துவிட்டு மாமாவைப் போலவே முகத்தைச் சுளித்தான். அறைக்குள் திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்த மணப்பெண் சிரித்தது பந்தல் வரை கேட்டது.

"முழுக்கக் குடிங்க மருமகன்" என்றார் ஷரிபுதீன். "எண்ட புள்ள உங்களுக்காகத்தான் என்னக் காட்டிக்குடுத்தவள்."